மஞ்சப்பையில் வந்த மில் கணக்கு

1998-ல் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் சேர்ந்தேன். நான் அங்கே முதலில் கற்றுக்கொண்டது கணக்கு அல்ல, பஞ்சு ஊதுவது. ஆபீஸ் தனிக் கட்டடம்தான். ஆனாலும் உள்ளே வேலை செய்துவிட்டு வருகிறவர்களின் தலைமுடியிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு பஞ்சு வந்துவிடும். ஃபிளாப்பி டிரைவின் வாயில் அது மீசை மாதிரி படிந்திருக்கும். ஊதாமல் ஃபிளாப்பியைச் செருகினால் கர் கர் என்று சத்தம் வரும், படிக்காது.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மாதக் கடைசியில் ஸ்டாக் கணக்கு முடியவில்லை என்றால், 1.44 எம்.பி. ஃபிளாப்பி இரண்டில் ஒரே ஃபைலை ஏற்றி, மஞ்சப்பைக்குள் டிபன் பாக்ஸுக்கு மேலே வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். இரண்டில் ஒன்று எப்படியும் சொதப்பும். வீட்டில் கடன் வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இருந்தது. மறுநாள் காலை பையில் ஃபிளாப்பியோடு பால்கோவாவும் திரும்பிப் போகும். மேனேஜர் முதலில் கேட்பது பால்கோவாவைத்தான்.

ஒரு தடவை நான் இரவு வீட்டில் உட்கார்ந்து ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், ஆபீஸில் இன்னொருவர் அதே ஃபைலில் அன்றைய நூல் விற்பனையை ஏற்றியிருக்கிறார். காலையில் என் ஃபிளாப்பியிலிருந்து அப்படியே காப்பி போட்டேன். அவருடைய ஒரு நாள் உழைப்பு போயே போய்விட்டது. ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

ஆபீஸுக்குள் நெட்வொர்க் இல்லாமல் இல்லை. டி.வி. கேபிள் மாதிரி கறுப்பு வயர் மேசைக்கு மேசை ஓடும். ஒவ்வொரு கம்ப்யூட்டர் பின்னாலும் ‘டி’ வடிவ இணைப்பு, வயரின் இரு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். பெருக்குகிற அம்மாவின் விளக்குமாறு பட்டு ஒரு முனை கழன்றால் மொத்த வரிசையும் செத்துவிடும். எல்லோரும் குனிந்து மேசைக்கு அடியில் தேடுவோம். விண்டோஸ் 98-ல் நாங்கள் பகிர்ந்த விதத்தில் ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் என்பது கிடையாது, ஃபோல்டருக்குத்தான் பாஸ்வேர்ட். வைத்தவர் எங்கள் ஊர்க்காரர். ஆகவே அது ‘ஆண்டாள்’. டீ கொண்டுவரும் பையனுக்குக்கூடத் தெரியும். அந்தக் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்ட நெட்பியூய் என்ற பாஷைக்கு ரவுட்டர் தாண்டத் தெரியாது. பூட்டை விட அந்தத் தெரியாத்தனம்தான் எங்களைக் காத்தது என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது ஃபைல்கள் இருப்பது சர்வர் அறை ராக்கில், செங்கல் அளவுப் பெட்டி ஒன்றில். அதற்குள் ஓடுவது சாம்பா. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலியர் 1990-களின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்த இலவச மென்பொருள் அது. விண்டோஸ் ஃபோல்டரைப் பகிரும் எஸ்.எம்.பி. முறையைப் பிற கம்ப்யூட்டர்களுக்கும் கற்றுக்கொடுத்தது. அந்த மூன்று எழுத்தும் வருகிற சொல்லாக அகராதியில் தேடி எடுத்த பெயராம். கோயில் பிரசாதம் மாதிரி எல்லோரும் பயன்படுத்துகிறோம், சமைத்தவர் யாரென்று கேட்பதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நிதியாண்டு முடிகிற நேரம். பஸ் இல்லை. வீட்டிலிருந்தே மில் நெட்வொர்க்குக்குள் நுழைய ஐ.டி. பார்க்கிற பையன் போனிலேயே வழி சொன்னான்.

“சார், முதல்ல வி.பி.என். போடுங்க. பச்சை வந்துச்சா?”

“வந்துச்சு தம்பி. ஆனா நெட்வொர்க்கைத் திறந்தா ஒண்ணுமே காட்டல.”

“காட்டாது சார். பேரைத் தேடாதீங்க. ரெண்டு பின்சாய்கோடு போட்டு நம்பரை அடிங்க.”

192.168-ல் தொடங்கும் எண்ணை அடித்ததும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. அதற்கு இசட் என்று எழுத்துக் கொடுத்து டிரைவாக மேப் செய்ய வைத்தான். வாசல் திண்ணையில் உட்கார்ந்து மில்லின் பஞ்சு இருப்பைப் பார்த்தேன்.

பக்கத்து கம்ப்யூட்டர்களின் பெயரெல்லாம் முன்பு தானாக வரிசையாக வருமே, அது எங்கே போயிற்று என்று கேட்டேன். அந்தப் பட்டியல் பழைய எஸ்.எம்.பி. முதல் பதிப்பை நம்பியிருந்தது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற வைரஸ் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அந்த ஆண்டுக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் பழையதைத் தானாக நிறுவுவதை நிறுத்தியது. இணையத்தில் பலர் அதைத் திரும்ப ஆன் செய்யச் சொல்லித் தருகிறார்கள். செய்யாதீர்கள். வி.பி.என். எதற்கு என்று எஸ்.எம்.பி. பயன்படுத்தும் 445-ஆம் போர்ட்டை ரவுட்டரில் நேராகத் திறந்துவைத்த பேண்டேஜ் துணி வியாபாரி ஒருவரை எனக்குத் தெரியும். ஒரே ராத்திரியில் அவருடைய மூன்று வருடக் கணக்கு பூட்டிக்கொண்டது.

அந்த ஒரு வாரப் பேச்சுவார்த்தை முறிவுக்கும் இப்போது வழியில்லை. ஒருவர் திறந்து வைத்திருக்கும் எக்செல் ஃபைலை இன்னொருவர் திறந்தால், படிக்கலாம், திருத்த முடியாது என்று ஆள் பெயரோடு சொல்லிவிடும். போன மாதக் கடைசி, இரவு பத்து மணி. ஸ்டாக் ஃபைலைத் திறந்தேன். ‘ஸ்டோர்ஸ்’ திறந்திருப்பதாகச் சொன்னது. போன் போட்டேன்.

“தம்பி, ஃபைலை மூடினீங்களா?”

“ஐயோ சார், மூடாம வந்துட்டேன். வாட்ச்மேன் அண்ணனை சிஸ்டத்தை ஆஃப் பண்ணச் சொல்றேன்.”

கால் மணி நேரம் கழித்து வாட்ச்மேனே என்னைக் கூப்பிட்டார். “சார், இங்க ஆறு பொட்டி இருக்கு. ஆறுலயும் பஞ்சு. எதை அமத்த?”