மூன்று மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றால்

செஸ்னா 172 போன்ற சிறு விமானம் எஞ்சின் நின்றுபோனாலும் கல்லாக விழாது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் தூரம் மிதந்து இறங்கும். அதற்குள் விமானி நல்ல இடம் பார்த்துக்கொள்ளலாம். டெக்சாஸ் பருத்திக் காட்டில் மருந்தடிக்கும் விமானிக்கு அந்த அவகாசம் கிடையாது. அவர் பறப்பது செடிகளுக்கு மேல் மூன்று மீட்டரில்.

அவருடைய கையிருப்பெல்லாம் வேகம்தான். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருப்பவர், எஞ்சின் அடங்கியதும் மூக்கைத் தூக்கி அந்த வேகத்தை உயரமாக மாற்றிக்கொள்கிறார். கூடவே மருந்துத் தொட்டியின் அவசரக் கதவைத் திறக்கிறார். ஏர் டிராக்டர் 802 விமானத்தின் தொட்டி சுமார் 3,000 லிட்டர் கொள்ளும். மொத்த எடை ஏழேகால் டன் என்றால் அதில் மூன்று டன் மருந்துத் தண்ணீர். அது சில நொடிகளில் கொட்டிவிட்டால், விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. எடையும் குறைந்து வேகமும் குறைவதால், அந்தக் குறைந்த வேகத்தில் தரையைத் தொடும்போது மோதும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு கதவைத் திறப்பதால் இவ்வளவு மிச்சம் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

மேலேறியபடியே இருந்துவிட முடியாது. உடனே மூக்கைத் தாழ்த்தாவிட்டால் இறக்கை காற்றின் பிடியை இழந்துவிடும். ஓடுதளத்துக்குத் திரும்பும் ஆசையையும் விட வேண்டும். நேர் எதிரே உள்ள நிலம்தான் ஓடுதளம். உழவுசாலின் போக்கிலேயே இறங்க வேண்டும், குறுக்கே அல்ல. ஆளுயர மக்காச்சோளம் என்றால் கதிரின் நுனியையே தரையாகக் கொண்டு, இயன்ற அளவு மெதுவாக அமர வேண்டும். சக்கரம் பயிரில் சிக்கினால் விமானம் தலைகுப்புறக் கவிழும்.

மிகக் கொடிய இடம் வயலின் கோடியில் வளைந்து திரும்பும் இடம். அங்கே வேகம் ஏற்கெனவே செலவாகியிருக்கும், இறக்கையும் சாய்ந்திருக்கும்.

விமானி பிழைப்பதில் விமானத்தின் வடிவமைப்புக்கும் பங்கு உண்டு. 1921இல் ஒஹாயோ மாநிலத்தின் டிராய் அருகே முதன்முதலாக விமானத்திலிருந்து பூச்சிமருந்து தூவினார்கள். அது ராணுவப் பயிற்சிக்குச் செய்த ஜென்னி விமானம். அதன்பின் பல பத்தாண்டுகள் பழைய ராணுவ விமானங்களே வயலுக்கு வந்தன. 1950இல் பறந்த ஏஜி-1 விமானத்தை ஃபிரெட் வைக் வேறு கணக்கில் வடிவமைத்தார்: விமானம் விழும், விமானி பிழைக்க வேண்டும். எஞ்சினும் மருந்துத் தொட்டியும் முன்னால், விமானி பின்னால், உயரத்தில். மோதினால் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இந்த வழியில் வந்ததுதான் பைப்பர் பானி என்ற மருந்தடிக்கும் விமானம். ஆனால் அதில் பெட்ரோல் தொட்டி எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே இருந்தது. மோதலில் தப்பியவரைத் தீ பிடித்துக்கொள்ளும் ஆபத்து. பின்னாளில் அந்தத் தொட்டியை இறக்கைகளுக்கு மாற்றினார்கள்.