மரநிழலில் ஒரு கணக்கர்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள திருவானைக்காவல் போன்ற ஊரில், விடுமுறை நாளன்று கிரிக்கெட் ஆடப் பதினொருவரைத் திரட்டுவது எளிது. ஊதியமின்றி மரநிழலில் அமர்ந்து ஓட்டக் கணக்கெழுத ஒருவரைக் காண்பதே அரிது. மாணவ நேயர்களே, அப்பணியைப் பற்றிச் சிறிது கூறுகிறேன்.

நடுவர் முழங்காலை உயர்த்திக் கையால் தொட்டால் அது லெக்-பை; பந்து மட்டையில் படாது உடலிற் பட்டு வந்த ஓட்டம். அணியின் தொகையில் அது சேரும். ஆட்டக்காரர் பெயரிலும் சேராது, பந்து வீச்சாளர் கணக்கிலும் சேராது. குறிப்பைக் கண்டுகொண்டதாகக் கணக்கர் தெரிவிக்கும்வரை நடுவர் ஆட்டத்தைத் தொடரவிடலாகாது என்பது விதி. மைதானத்துக்கு வெளியே அமர்ந்திருப்பவருக்கு இவ்வளவு அதிகாரம் உண்டு!

ஆட்டக்காரர்களின் ஓட்டங்களோடு உதிரி ஓட்டங்களைக் கூட்டுக. வீச்சாளர்கள் கொடுத்தவற்றோடு பை, லெக்-பை ஆகியவற்றைக் கூட்டுக. அபராத ஓட்டம் இல்லையெனில் இரு தொகைகளும் ஒன்றாதல் வேண்டும். ஒவ்வாவிடில் எங்கோ ஒரு பந்தில் பிழை நேர்ந்திருக்கிறது. கணக்கர் இருவர் அருகருகே அமர்ந்து அடிக்கடி ஒப்பிட்டுக்கொள்வது இதன் பொருட்டே.

1986 செப்டம்பர் 22 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில், கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் மணீந்தர் சிங் ஆட்டமிழந்ததாக நடுவர் விக்ரம்ராஜு விரலுயர்த்தினார். ஆஸ்திரேலியா 574, 170. இந்தியா 397, 347. கூட்டிப் பாருங்கள், இரண்டும் 744! டெஸ்ட் பந்தயங்களில் அதற்குமுன் ஒருமுறையே, 1960-இல் பிரிஸ்பேனில், இத்தகைய சமநிலை நேர்ந்திருந்தது. ஐந்து நாட்களில் ஒரேயொரு லெக்-பை ஏட்டில் விடுபட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்கும்.

கற்க விரும்புவோர் முதலில் பழகிய கணக்கர் ஒருவர் அருகில், தனி ஏட்டுடன் அமர்ந்து எழுதிப் பார்க்கலாம். பென்சிலும் அழிப்பானும் மறவாதீர்கள்.