வைத்தியருக்குக் கொடுப்பதா, வாணியருக்குக் கொடுப்பதா?

கோரிப்பாளையத்தில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. பக்கத்திலேயே அரசு இராசாசி மருத்துவமனை. அங்கிருந்து மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி வருகிறவர், பஸ் ஏறுவதற்கு முன் கடைப் படியில் நின்று கேட்பார்: "அண்ணாச்சி, ரத்தத்துல கொழுப்பு கூடிருச்சுன்னு சொல்லிட்டாங்க. இனிமே எந்த எண்ணெய் வாங்கணும்?"

மருத்துவரிடம் கேட்க வேண்டியதை நம்மிடம் கேட்கிறார். ஏன்? நாம் விற்பதைத்தான் அவர் குடும்பம் மூன்று வேளையும் உண்கிறது. "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் ஊர்ப் பழமொழி. வாணியன் என்றால் செக்காட்டி எண்ணெய் விற்பவர். 'வாணிகனுக்குக் கொடு' என்றும் சிலர் சொல்வதுண்டு. எப்படிச் சொன்னாலும் அந்தப் பழமொழி நம்மைப் பற்றியதுதான். அதற்கு நாம் தகுதியாக நடக்கிறோமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

எள்ளின் நெய்

எண்ணெய் என்ற சொல்லே எள்ளிலிருந்து வந்தது. எள் + நெய் = எண்ணெய். பழந்தமிழில் நெய் என்பது பசு நெய்யையும் குறித்தது, வித்திலிருந்து எடுக்கும் எண்ணெயையும் குறித்தது. எள்ளின் நெய்க்கு இட்ட பெயரே பிற்காலத்தில் எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயராயிற்று. அதன்பின் எள்ளெண்ணெயைத் தனியே குறிக்க 'நல்லெண்ணெய்' என்றனர். நல்லது என்று பெயரிலேயே சான்றிதழ் பெற்ற சரக்கு நம் கடையில் வேறு எது இருக்கிறது?

மதுரையைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களில் விளைந்த எள்ளும் நிலக்கடலையும் அந்தந்த ஊர்ச் செக்கிலேயே ஆடின. எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டி, தெளிய வைத்து எடுத்தனர். எண்ணெய் வீட்டுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு. தெற்கே விருதுநகர் எண்ணெய் வணிகத்தில் பெயர் பெற்றதும் இந்த மண்ணின் விளைச்சலால்தான். நெய் ஒரு கரண்டி, பருப்புச் சோற்றின் மேல். தேங்காய் பெரும்பாலும் அரைத்த சட்டினியாகவும் குழம்பாகவும் சேர்ந்தது. பண்டிகை என்றால்தான் வாணலி அடுப்பேறும்.

முன்னோர் உடல்நலத்துக்கு எண்ணெயின் வகை மட்டும் காரணமன்று என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அளவு குறைவு, சரக்கு புதிது, உழைப்பு அதிகம், ஆட்டியவர் தெரிந்தவர். இந்த நான்கும் சேர்ந்ததே அந்தக் காலத்து உணவு. இன்று எண்ணெயை மட்டும் பழையதாக்கிவிட்டு, இந்த நான்கையும் விட்டுவிட்டால் பயனில்லை.

டால்டா வந்த கதை

1937-இல் டால்டா இந்தியச் சந்தைக்கு வந்தது. எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி நெய்போல் உறைய வைத்த சரக்கு. நெய்யைவிட மலிவு என்பதால் பலகாரக் கடை முதல் பரோட்டாக் கடை வரை பரவியது. வனஸ்பதி என்று கேட்பார் யாருமில்லை. கம்பெனிப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது.

டால்டாவை நெய்யில் கலப்பது எளிது என்பதால் அரசு ஒரு வழி செய்தது. வனஸ்பதி தயாரிக்கும்போது 5 சதவீதத்துக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி போட்டது. நல்லெண்ணெய் கலந்த கொழுப்பு ஒரு குறிப்பிட்ட சோதனையில் சிவப்பு நிறம் காட்டும். நெய்யில் சிவப்பு தெரிந்தால் டால்டா கலந்தது அகப்பட்டுவிடும். கலப்படக்காரனைக் காட்டிக் கொடுக்கும் சாட்சியாக நம் நல்லெண்ணெயே நின்றது!

அப்படி உறைய வைக்கையில் 'டிரான்ஸ் கொழுப்பு' என்ற ஒன்று உண்டாகிறது. இது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கிறது. இதயத்துக்குக் கேடு என்பதில் மருத்துவ உலகில் இரண்டு கருத்து இல்லை. எனவே எண்ணெய், கொழுப்பு வகைகளில் இதன் அளவை 2021-இல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாகவும் அரசு கட்டுப்படுத்தியது. பெயர் தெரியாத, பில் இல்லாத மலிவு வனஸ்பதி டின்னைக் கடைக்குள் விடாதீர்கள்.

1998 கற்பித்த பாடம்

1994-இல் பாமாயில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. மலிவான எண்ணெய் கிடைத்தது ஏழை வீட்டுக்கு உதவியே. 2007 முதல் தமிழக ரேஷன் கடைகளிலும் பாமாயில் கிடைக்கிறது. பாமாயிலைப் பாமாயில் என்று சொல்லி விற்பதில் தவறில்லை. அது வேறு எண்ணெயின் பெயரில் விற்கப்படும்போதுதான் தவறு தொடங்குகிறது.

அந்தத் தவறு எங்கே கொண்டு விடும் என்பதை 1998-இல் டில்லி காட்டியது. கடுகெண்ணெயில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்திருந்தது. உடல் வீங்கி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆயிரக்கணக்கானோர் நோயில் விழுந்தனர். அந்த ஆண்டே சமையல் எண்ணெயைப் பொட்டலமாக அடைத்துத்தான் விற்க வேண்டும் என்ற ஆணை வந்தது. 2011-இல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதையே சொல்கின்றன. டின்னைத் திறந்து அளந்து ஊற்றும் பழைய வழக்கம் இன்று நமக்கு ஆபத்து.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இப்போது செக்கு எண்ணெய்க்கு மீண்டும் நல்ல காலம். தெருவுக்குத் தெரு மரச்செக்கு என்ற பலகை தொங்குகிறது. ஆனால் மலிவு விலைக்கு நல்லெண்ணெய் தருகிறேன் என்று வருகிறவரிடம் ஏமாறாமலிருக்க, நமக்குத் தெரிந்த கணக்கே போதும்.

எள்ளில் எண்ணெய்ச் சத்து ஏறத்தாழ பாதி. மரச்செக்கில் 100 கிலோ ஆட்டினால் 40 கிலோவை ஒட்டி எண்ணெய் கிடைக்கும். ஒரு கிலோ எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ எள் வேண்டும். எள் கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எள்ளுக்கே 375 ரூபாய். ஒன்றரைக் கிலோ பிண்ணாக்கில் 75 ரூபாய் திரும்பினாலும் 300 ரூபாய் நிற்கிறது. லிட்டர் என்பது 910 கிராம் அளவுதான் என்பதால் லிட்டருக்கு 275 ரூபாய். இதன்மேல் கருப்பட்டி, ஆட்டுக்கூலி, மின்சாரம், பாட்டில், வண்டி வாடகை. இந்த நிலையில் ஒருவர் 200 ரூபாய்க்குச் 'சுத்தமான செக்கு நல்லெண்ணெய்' தருகிறார் என்றால், அவர் தர்மம் செய்ய வரவில்லை; வேறு எதையோ ஊற்றியிருக்கிறார். எள் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகே சரக்கை இறக்குங்கள்.

படியில் நிற்பவருக்கு என்ன சொல்வது?

நோய்க்கு யோசனை சொல்வது நம் வேலையன்று. மருத்துவர் குறைக்கச் சொன்னதைக் கூட்டச் சொல்லும் உரிமை நமக்கில்லை. உண்மையான சில விவரங்களைச் சொல்லலாம்.

நிறைவுற்ற கொழுப்பு நல்லெண்ணெயில் ஏறத்தாழ 15 சதவீதம். கடலை எண்ணெயில் 20-ஐ ஒட்டி. பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நெய்யில் பாதிக்கு மேல். தேங்காய் எண்ணெயில் சுமார் 90. இதயக் கோளாறு உள்ளவர் எதைக் குறைக்க வேண்டும் என்பது இதிலேயே விளங்கும். நல்லெண்ணெயில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் அதைச் சீக்கிரம் காறல் எடுக்காமல் காக்கின்றன. ஊறுகாய்க்கு நம் பெண்கள் நல்லெண்ணெய் ஊற்றுவது அனுபவத்தால் கண்டது.

அளவுதான் முக்கியம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் போதும். நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். "மாதம் ஐந்து லிட்டர் வாங்குகிறவரிடம் குறைத்து வாங்கு என்றால் வியாபாரம் என்னாவது?" என்று கேட்கலாம். ஐந்து லிட்டர் மலிவு எண்ணெய்க்குக் கொடுக்கும் பணத்தில் மூன்றரை லிட்டர் நல்ல சரக்கு வாங்கினால் கல்லாப்பெட்டி குறையாது. அந்த வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகவும் மாட்டார்.

உறுப்பினர்கள் கவனத்துக்கு

1. ஒவ்வொரு கொள்முதலுக்கும் பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டால் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்பு விற்றவர் தலையில் விழும்.

2. கலப்பு எண்ணெய் விற்பது குற்றமன்று. ஆனால் எந்த எண்ணெய் எவ்வளவு என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்.

3. விளக்கேற்றும் தீப எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு அடுக்காதீர்கள். தனி அலமாரி, தனிப் பலகை.

4. செக்கு எண்ணெயைச் சிறிது சிறிதாக வாங்கி, வெயில் படாமல் வைத்து, முன்னால் வந்ததை முன்னால் விற்றுவிடுங்கள்.

5. 'சர்க்கரை நோய் தீரும்', 'மாரடைப்பு வராது' என்று பலகை எழுதாதீர்கள். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

6. பலகாரக் கடைக்காரர்களிடம், பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். 2018 முதல் அதற்கும் வரம்பு இருக்கிறது.

மருந்துச் சீட்டோடு நம் படியேறுகிறவர் ஏற்கெனவே வைத்தியருக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர். அவர் வீட்டுப் பிள்ளைகளாவது அந்தச் சீட்டு வாங்காமலிருக்க, நாம் அளிக்கும் எண்ணெய் பெயரும் பொருளும் ஒன்றாக இருக்கட்டும். அப்போதுதான் அந்தப் பழமொழியைத் தலைநிமிர்ந்து சொல்லும் உரிமை நம் வணிகத்துக்கு உண்டு.