வயிற்றில் கட்டிய நெருப்பு

முற்றிய ஆட்டுக்கறி வேக அடம்பிடித்தால், பப்பாளிக்காயை அரைத்துப் பிசறி ஊறவைப்பார்கள். சற்று நேரத்தில் கறி விரல் பட்டாலே நார்நாராகப் பிரியும். காயின் பாலில் உள்ள நொதி செய்யும் வேலை அது. அதே வேலையைச் செய்யும் நொதிகளை நம் கணையம் நாள் முழுக்கச் சுரக்கிறது. இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கும் அது ஒரு சாண் நீளம்கூட இராது. சுரக்கும் சாறோ தினமும் ஒன்றரை லிட்டர் அளவு. கறியைக் கரைக்கும் அந்தச் சாறு, தன்னைச் சுரந்த கணையத்தை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது? யோசிக்க யோசிக்கக் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்ற நொதியைக் கணையம் கூர்மையோடு செய்வதில்லை. எட்டு அமினோ அமிலங்களால் ஆன சின்ன வாலை ஒட்டி, டிரிப்சினோஜென்னாக உறங்க வைத்தே அனுப்புகிறது. முன்சிறுகுடலைச் சேர்ந்த பிறகுதான் அங்குள்ள நொதி வாலை நறுக்கி எழுப்புகிறது.

பித்தக்கல் வழியை அடைத்தாலோ, மதுவின் கேட்டாலோ, உறங்குவது செல்லுக்குள்ளேயே விழித்துவிடலாம். செல்லின் குப்பைகளைச் செரிக்கும் லைசோசோமில் கதெப்சின் பி என்ற நொதி இருக்கிறது. டிரிப்சினோஜென்னைச் சுமக்கும் பைகளும் லைசோசோமும் கலந்துவிட்டால், அதுவே வாலை வெட்டிவிடும். பிறகு கணையம் தன்னையே தின்னும். முதுகுவரை பாயும் அந்த வலியில் மனிதர் முன்னால் குனிந்து சுருண்டுகொள்வார்.

இங்கேதான் இன்னொரு காவல். அதன் தடம் முதலில் தெரிந்தது பழ ஈக்களில். 1962-இல் இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிட்டோசா, பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஈக்கள் இருந்த பெட்டியின் வெப்பத்தை யாரோ தற்செயலாகக் கூட்டிவிட, குரோமோசோம்களில் புதிய இடங்கள் உப்பி நின்றன. சூடு பட்டதும் செல் ஏதோ ஒன்றை அவசரமாகச் செய்யத் தொடங்கியிருந்தது. அதைத் தொடர்ந்தே வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் தெரியவந்தன. சூடு மட்டுமல்ல, வேறு பல நெருக்கடிகளிலும் இவை பெருகும். குலைந்த புரதங்களைத் தாங்கிப் பிடித்து, சரியாக மடிய உதவும்.

கணையத்தில் இவற்றின் அருமையை எலிகள் காட்டின. ஆஸ்திரேலிய மரத்தவளையின் தோலில் முதலில் கிடைத்த செருலீன் என்ற பொருளை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் எலியின் கணையம் வீங்கிப் புண்ணாகும். முன்னதாகவே எலியின் உடலைச் சூடேற்றி வைத்தால், செல்களில் எச்.எஸ்.பி. 70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் பெருகும். பிறகு அதே செருலீனைக் கொடுத்தாலும் சேதம் வெகுவாகக் குறைந்தது. பைகளும் லைசோசோமும் கலப்பதை அந்தப் புரதம் தடுத்துவிட்டது. டிரிப்சின் உறக்கம் கலையவில்லை.

காத்தது அந்தப் புரதம்தானா, சூடா? புரதம் உருவாகாமல் தடுத்துவிட்டு, சூடேற்றி, பிறகு செருலீனைக் கொடுத்துப் பார்த்தார்கள். கணையம் புண்ணானது.