ஏச்சுச் சொல்லைப் பெயராகச் சூடியவர்

ஆங்கிலத்தில் 'அப்பிற்றி' என்றொரு சொல் உண்டு. தனக்கென வகுத்த இடத்தை மறந்து தலைநிமிர்ந்தவன் என்பது அதன் கருத்து. அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் கறுப்பினத்தாரை ஏசுதற்கே அது பெரிதும் வழங்கிற்று. பேஸ்போல் ஆட்டக்காரராயிருந்த பில் வைற், 2011இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அச்சொல்லையே பெயராகச் சூட்டினார்.

1934இற் பிறந்த வைற், வைத்தியராதல் வேண்டுமென்றே ஒகையோ மாநிலத்து ஹைறம் கல்லூரியிற் சேர்ந்தார். 1953இல் நியூயோர்க் ஜயன்ற்ஸ் கழகம் அவரை ஒப்பந்தஞ் செய்து, பயிற்சிக்காக வேர்ஜீனியாவிலுள்ள டான்வில் நகருக்கு அனுப்பிற்று. அரங்குகளில் வசைமாரி பொழிந்தது. வழியிலுள்ள உணவுச்சாலைகளில் ஏனையோர் அமர்ந்துண்ண, பத்தொன்பது வயதினரான இவர் பேருந்தினுள்ளே காத்திருந்தார். பெருங்கழகங்களின் நிறத்தடையை ஜாக்கி றொபின்சன் உடைத்து ஆறாண்டுகள் சென்ற பின்னர் நிலவிய நிலைமை இது! வைத்தியக் கல்வி கைவிட்டுப் போயிற்று.

1956இற் பெருங்கழக ஆட்டத்தில் முதன்முதல் துடுப்பேந்தியபோதே பந்தை வேலிக்கப்பால் அடித்தார். பதின்மூன்று பருவங்களில் அவ்வாறு அடித்தவை 202. முதலாந் தளத்தைக் காத்த திறமைக்காக ஏழுமுறை தங்கக் கையுறைப் பரிசு பெற்றார். 1964இல் உலகத் தொடரை வென்ற சென் லூயிஸ் காடினல்ஸ் அணியிலும் அவர் இருந்தார். எமக்கோ இவ்வெண்களினும் 1961இல் நிகழ்ந்த காலையுணவு விருந்தொன்றே பெரிதாகத் தோன்றுகின்றது.

புளோரிடாவின் சென் பீற்றர்ஸ்பேக் நகரில் அந்நாளிற் கழகங்கள் பயிற்சி பெறுவது வழக்கம். வெள்ளை வீரர் விடுதியிற் றங்க, கறுப்பு வீரர் நகரின் வேறொரு பகுதியில் வீடுகளில் ஒதுங்கினர். நகர வர்த்தக சங்கம் வீரரைப் பாராட்டிக் காலை விருந்தளித்தபோது, பெருங்கழக ஆட்டமொன்றேனும் ஆடியிராத வெள்ளை இளைஞருக்கும் அழைப்புச் சென்றது, வைற்றுக்கு வரவில்லை. அவர் இதனைச் செய்தியாளரிடம் வெளிப்படையாகக் கூறினார். நாடெங்கும் பேச்செழுந்தபின் அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. அடுத்த ஆண்டிற் காடினல்ஸ் வீரர் அனைவரும் குடும்பத்தோடு ஒரே விடுதியிற் றங்கினர்.

1971 முதற் பதினெட்டாண்டுகள் நியூயோர்க் யாங்கீஸ் ஆட்டங்களுக்கு வருணனையாளராயிருந்தார். பெருங்கழகமொன்றுக்கு இப்பணியை நிரந்தரமாக ஆற்றிய முதற் கறுப்பினத்தவர் இவரே. உடனிருந்த பில் றிசூற்றோ, ஆட்டத்தை விட்டுப் பிறந்தநாள் வாழ்த்துக்கும் பலகாரக் கதைக்கும் ஓடுபவர். வைற் அளந்து பேசுபவர். 1978இற் பொஸ்ரனில் நடந்த தீர்வாட்டத்திற் பக்கி டென்ற் அடித்த பந்து வேலியைக் கடந்ததை நியூயோர்க் தொலைக்காட்சியில் அறிவித்த குரல் இவருடையதே. கண்ணாற் காண்போர்க்கு மிகையுரை வேண்டாமென்பதை அவர் அறிந்திருந்தார். நம் மேடைப் பேச்சாளருக்கும் இது தெரிந்தால் நன்று.

1987இல் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் கழகத்தின் உயர் அதிகாரியொருவர், நிருவாகத்துக்கு வேண்டிய தகுதி கறுப்பினத்தாரிடம் இல்லாதிருக்கலாமெனத் தொலைக்காட்சியிற் கூறிப் பதவியிழந்தார். ஈராண்டு கழியுமுன், 1989இல், வைற் தேசிய லீக்கின் தலைவராயினார். அமெரிக்காவின் பெரிய தொழின்முறை விளையாட்டு லீக் ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் தலைமை தாங்கியது அதுவே முதன்முறை. நடுவரை ஆளுதலும் குற்றஞ்செய்த வீரரைத் தண்டித்தலும் அவர் கடமைகள். கொலறாடோ, புளோரிடா என்னும் இரு புதிய கழகங்கள் 1993இல் ஆடத் தொடங்கியதும் அவர் காலத்திலேயே.

1994இல் அவர் விலகியபின் அவ்விடத்துக்கு வந்த லெனாட் கோல்மனும் கறுப்பினத்தவரே. 1999இற் கோல்மன் விலகியதோடு அப்பதவியே ஒழிக்கப்பட்டது.