வளரும் தேகத்துக்கு ஒரு சிறுநீரகம்

காலையில் எழுந்த நான்கு வயதுக் குழந்தையின் இமைகள் உப்பியிருப்பதைக் கண்டும், தூக்கம் மிகுந்ததனாலோ பூச்சி கடித்ததனாலோ இருக்கும் என்று சில நாட்களைக் கழித்துவிட்டு, வயிறும் கால்களும் வீங்கி உடுப்பே இறுகத் தொடங்கிய பின்னரே வைத்தியரைத் தேடி ஓடிவரும் பெற்றோர் நம்மிடையே அநேகர். அங்கே குழந்தையின் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றிச் சூடாக்கும்போது அது வெளுத்துக் கலங்குமானால், ரத்தத்தில் தங்கியிருக்க வேண்டிய புரதம் சிறுநீரகத்தின் வழியே ஒழுகிப் போகிறது என்பது விளங்கும். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் எனப்படும் இந்நோய் பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வயதுக்குள் தலைகாட்டுவது. பத்தில் எட்டுக் குழந்தைகளேனும் ஸ்டீராய்டு மாத்திரைக்கு இணங்கித் தேறிவிடுகின்றன. ஆயினும், ஒரு சாதாரண ஜலதோஷத்தை நிமித்தமாகக் கொண்டுகூட நோய் திரும்பக்கூடுமாதலால், தினந்தோறும் காலைச் சிறுநீரைச் சோதித்து அதன் முடிவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரும்படி தாய்க்குக் கற்பிப்பதே இந்த வைத்தியத்தின் முதற் பாடம்.

இதனினும் கடுமையானவை கருவிலேயே அமைந்துவிடும் குறைகள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு; நிறைமாதத்தில் பிறக்கும் சிசுவுக்கு அவை யாவும் கருப்பையிலேயே உருவாகி முடிந்துவிடுகின்றன; அதன்பின் புதிதாக ஒன்றேனும் தோன்றுவதில்லை. ஆண் சிசுவின் மூத்திரப் பாதையைச் சவ்வு ஒன்று குறுக்கே வளர்ந்து அடைப்பதும், சிறுநீர்ப் பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிப் பாய்வதும், அதனுடன் கிருமித் தொற்றும் சேர்ந்து சிறுநீரகத்தில் தழும்பு விழுவதும், மீட்க முடியாத இந்தச் செல்வத்தைச் சிறுகச் சிறுக அழித்துவிடுகின்றன. கர்ப்ப காலத்து ஸ்கேனில் சிசுவின் சிறுநீரகம் விரிந்து காணப்பட்டாலும், பிறந்த ஆண் குழந்தை தாரையாக விடாமல் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தாலும், காரணம் விளங்காத காய்ச்சல் மீண்டும் மீண்டும் வந்தாலும், அப்போதே நிபுணரைக் காண்பது, பின்னாளில் எத்தனை பெரிய சிகிச்சையாலும் கிட்டாத பலனைத் தரும்.

பெரியவர்களைக் கவனிக்கும் சிறுநீரக வைத்தியரே குழந்தைகளையும் கவனித்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். கழிவை அகற்றுவதோடு சிறுநீரகத்தின் கடமை தீர்ந்துவிடுமானால் அது போதும். ரத்தம் ஊறுவதற்கு வேண்டிய ஹார்மோனைச் சுரப்பதும், எலும்பு உறுதிப்படும்படி வைட்டமின் டி சத்தைப் பக்குவப்படுத்துவதும், உடலில் சேரும் அமிலத்தைச் சமன் செய்வதும் அதன் காரியங்களே. ஆதலின் சிறுநீரகம் தளர்ந்த குழந்தை வெளிறிப்போகிறது, கால்கள் வளைகின்றன, ஒத்த வயதினர் அனைவரும் உயர்ந்துகொண்டிருக்க, அது மட்டும் வகுப்பில் எல்லாரினும் குள்ளமாக நிற்கிறது. வளர்ந்தவருக்குச் சொல்லும் பத்தியத்தை அப்படியே குழந்தைக்கும் விதித்துவிட்டால், நோயோடு வளர்ச்சியும் ஒடுங்கிவிடும். உப்பையும் பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் தேவைக்கேற்ப அளந்து, வளர்வதற்கு வேண்டிய புரதத்துக்கும் சக்திக்கும் குறைவு நேராமல் காப்பது உணவியல் நிபுணரின் பொறுப்பு. பசியற்ற சிசுவுக்கு மூக்கின் வழியே குழாய் வைத்தும் உணவு புகட்ட வேண்டியிருக்கும். உயரம் கூடாத குழந்தைக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் அவசியமாகலாம். அளவுகோலும் எடைக்கருவியும் குழந்தைகளின் சிறுநீரகப் பிரிவில் ரத்தப் பரிசோதனைக்குச் சமமான மதிப்புடையவை.

சிறுநீரகம் முற்றிலும் ஓய்ந்துவிட்ட பின் நாடுவது, ரத்தத்தின் கழிவைச் செயற்கையாக வடித்து அகற்றும் டயாலிசிஸ். நெதர்லாந்து தேசம் ஜெர்மானியரின் ஆக்கிரமிப்பில் இருந்த 1943ஆம் ஆண்டில், காம்பென் என்ற ஊரின் மருத்துவமனையில் வில்லெம் கோல்ஃப் என்பவர் இதற்கெனத் தாம் அமைத்த இயந்திரத்தை முதன்முதலாக நோயாளிக்குப் பயன்படுத்தினார். 1960இல் சியாட்டில் நகரத்து பெல்டிங் ஸ்க்ரிப்னர் ரத்தக் குழாயில் நிலையாகப் பொருத்தும் இணைப்பை உருவாக்கியபின், நோயாளியை வருஷக்கணக்கில் வாழவைப்பது சாத்தியமாயிற்று. இயந்திரங்களோ சிலவே, வேண்டுவோரோ மிகப் பலர். யாருக்கு அளிப்பது என்று அந்நகரில் ஒரு குழு அமர்ந்து தீர்மானித்த அந்நாளில், குழந்தைகள் தேர்வுக்கே உரியவராகக் கருதப்படவில்லை. அவ்விதம் ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று தனி இயலும் தனிப் பிரிவும் பின்னர்த் தோன்றியது வைத்திய சரித்திரத்தில் நாம் நன்றியோடு நினைக்கத்தக்க மாறுதல்.

பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் தேகத்தில் ஓடும் ரத்தம் சுமார் 800 மில்லிலிட்டர்தான். அதில் ஒரு சிறு பங்குக்கு மேல் இயந்திரத்துக்குள் நின்றுவிட்டாலும் குழந்தை சோர்ந்துவிடுமாகையால், குழாயும் வடிகட்டியும் அதன் அளவுக்கேற்றவையாக இருத்தல் வேண்டும். சிசுக்களுக்கு வயிற்றின் உட்சவ்வையே வடிகட்டியாகக் கொள்ளும் முறை பெரிதும் ஏற்றது. மெல்லிய குழாய் வழியே திரவத்தைச் செலுத்திச் சிலமணி நேரம் நிறுத்தி வடித்துவிடும் அந்தப் பணியை, கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, கதவைச் சாத்தி, முகமூடி அணிந்து, நாள்தோறும் தவறாமல் வீட்டிலேயே செய்துவரும் தாய்மாரின் நிதானம், தேர்ந்த செவிலியரும் வியப்பது.

ஆயினும் வளரும் குழந்தைக்கு உகந்த பரிகாரம் மாற்றுச் சிறுநீரகமே. 1954இல் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே ஒரே கருவில் ஜனித்த இரட்டையரில் ஒருவரது சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார்; 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நம் தேசத்தின் முதல் வெற்றி நிகழ்ந்தது. தாயோ தந்தையோ அளிக்கும் முழு வளர்ச்சியுற்ற சிறுநீரகத்தைப் பத்துக் கிலோக் குழந்தையின் வயிற்றில் இடம்கண்டு அமைத்து, பெரிய ரத்தக் குழாய்களோடு இணைத்து, அந்தப் பெரிய அவயவத்துக்குப் போதிய ரத்தம் பாயும்படி சிறிய இதயத்தைத் தயார்ப்படுத்துவது மயக்க மருந்து நிபுணருக்கும் அறுவை நிபுணருக்கும் கடும் பரீட்சை. அதற்கு முன்பே தட்டம்மை, சின்னம்மை முதலான தடுப்பூசிகளை முடித்துவிட வேண்டும். புதிய அவயவத்தை உடல் ஒதுக்காதபடி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் தொடங்கியபின் உயிருள்ள கிருமியாலான தடுப்பூசிகள் பொதுவாக அளிக்கப்படுவதில்லை.

அம்மருந்துகளையோ, பொருத்திய சிறுநீரகம் இயங்குமளவும், குறித்த வேளையில் உட்கொண்டாக வேண்டும். குழந்தைப் பருவத்தில் தாய் எடுத்துக் கொடுத்த மாத்திரையை, பதினைந்து வயதில், முகம் உப்புகிறதென்றும் தோழர் கேலி செய்கிறார்களென்றும் மறைவாகத் தவிர்த்துவிடும் பிள்ளைகளால் நல்ல சிறுநீரகங்கள் வீணாவதுண்டு. அதட்டினால் தீராத இந்த இடரைத் தீர்க்கவே மனநல ஆலோசகரும், சமூகப் பணியாளரும், படுக்கையருகே பாடம் சொல்லித்தரும் ஆசிரியரும் இப்பிரிவில் வேண்டியவர்களாகிறார்கள். பதினெட்டு வயதானதும் ஒரு கடிதத்தோடு பெரியவர் பிரிவுக்கு அனுப்பிவிடாமல், சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தன் மருந்தின் பெயரையும் அளவையும் தானே சொல்லவும், வைத்தியரிடம் தனியே பேசவும் பழக்குதல் அவசியம்.

மாற்றுச் சிறுநீரகத்தை யாரிடமிருந்து பெறுவது என்பதும் ஒரு கேள்வி. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடுத்தது. 2011இல் வந்த திருத்தம் தாத்தா பாட்டியையும் தானம் அளிக்கத்தக்க நெருங்கிய உறவினராக ஏற்றது. பெற்றோரின் சிறுநீரகம் பொருந்தாத குழந்தைக்கு மூளைச்சாவு அடைந்தோரின் குடும்பத்தார் தரும் சம்மதமே நம்பிக்கை. அதற்கான ஒழுங்கு தமிழ்நாட்டில் 2008இல் ஏற்பட்டது. அவ்வாறு அவயவம் ஈந்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் சிறுநீரகத்துக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களின் செலவைப் பெருமளவு ஏற்கிறது.

இருந்தும், தொலைதூர மாவட்டத்திலிருந்து கூலியை இழந்து இரவெல்லாம் பேருந்தில் வரும் குடும்பத்துக்கு, மருந்து இலவசமானாலும் சிகிச்சை எளிதாகிவிடாது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் குழந்தைகளின் ரத்த அழுத்தத்தை அவர்கள் கைக்குரிய சிறு பட்டையால் அளக்கவும், சிறுநீர்ப் பரிசோதனையின் பொருளை உணரவும், தக்க சமயத்தில் நிபுணருக்கு அனுப்பவும் பயின்றவர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். உயிர் பிழைத்தது என்பதோடு திருப்தி கொள்ளாமல், அந்தக் குழந்தை உயர்ந்ததா, படித்ததா, தொழிலேற்றுத் தன் காலில் நிற்கிறதா என்று கேட்கும் வைத்தியமே குழந்தை வைத்தியம். அதற்கு வேண்டிய ஆட்களையும் பணத்தையும் அளிப்பது நம் சமூகத்தின் கடன்.