உங்களுக்குத் தெரியுமா? மடங்கும் இடத்தில்தான் சொகுசு!

லண்டனில் உருவான ப்ராம்ப்டன், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் உருவான பர்டி இரண்டுமே பேர்பெற்ற மடக்கு சைக்கிள்கள். இரண்டிலும் சூட்சுமம் ஒன்றுதான்: மடக்குவதற்காக வைத்த மூட்டே, ஓட்டும்போது குலுக்கலையும் வாங்கிக்கொள்கிறது.

ப்ராம்ப்டனை ஆண்ட்ரூ ரிச்சி வடிவமைக்கத் தொடங்கியது 1975-ல். அவர் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் ப்ராம்ப்டன் ஆரட்டரி தேவாலயத்தின் பெயரையே வண்டிக்கும் வைத்துவிட்டார். பர்டி 1995-ல் வந்தது.

ப்ராம்ப்டனின் பின்சக்கரத்தை ஒரு முக்கோணச் சட்டம் பிடித்திருக்கிறது. மடக்கும்போது அந்தச் சட்டம் சக்கரத்தோடு சுழன்று வண்டிக்கு அடியில் போய்விடும். அந்த நிலையில் ஸ்டாண்டே இல்லாமல் வண்டி நிற்கும்! ஓட்டும்போதோ, சட்டத்துக்கும் சீட்டைத் தாங்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சின்ன ரப்பர் கட்டை இருக்கும். கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். மேட்டில் ஏறி இறங்கும்போது அமுங்கி நிமிர்வது அதுதான். ஆனால் முன்பக்கம் இந்த வசதி கிடையாது. அதனால் இடுப்புக்குச் சுகம், மணிக்கட்டுக்கு அதிர்ச்சி. பர்டியிலோ முன் ஃபோர்க்கும் ஒரு மூட்டில் அசைகிறது. மடக்கும்போது அதே மூட்டில் பின்னோக்கி மடிந்து அடியில் ஒதுங்கிவிடும். கரடுமுரடான சாலையில் தினமும் போகிறவருக்கு, என்னைக் கேட்டால், பர்டிதான்.

வழக்கமான ப்ராம்ப்டனுக்கு 16 அங்குலச் சக்கரம், பர்டிக்கு 18 என்கிறார்கள். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டத்தை அளந்தால் ஒன்று 349 மி.மீ., மற்றது 355 மி.மீ. வித்தியாசம் வெறும் 6 மி.மீ.தான்! ஆனாலும் ஒன்றின் டயர் மற்றதற்குச் சேராது. வாங்கும்போது அங்குலக் கணக்கை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் மி.மீ. எண்ணைப் பாருங்கள்.

சக்கரம் சின்னதாக இருந்தால் பள்ளத்தில் அதிகம் இறங்கும். 10 செ.மீ. அகலமுள்ள பள்ளத்தில் பெரிய சைக்கிளின் சக்கரம் 4 மி.மீ.கூடத் தாழாது. ப்ராம்ப்டன் அளவுச் சக்கரம் சுமார் 6 மி.மீ. தாழும். கேட்க அற்பமாக இருக்கும். வேகமாகப் போகும்போது கைக்குத் தெரியும்.

சின்னச் சக்கர வண்டியில் முதல்முறை ஏறியதும் ஹேண்டில் துள்ளுவதுபோல் இருக்கும். லேசாக அசைத்தாலே சட்டென்று திரும்பும். நெரிசலில் புகுந்து போக இது பெரிய வரம். ஒரு கையை விட்டு சைகை காட்டும்போது மட்டும் கவனம் வேண்டும். நான்கைந்து நாளில் கை பழகிவிடும்.

இரண்டு வண்டிக்கும் வெவ்வேறு கடினத்தில் ரப்பர் கிடைக்கிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது பின்பக்கம் மேலும் கீழும் ஆடினால் இன்னும் கெட்டியான ரப்பர் போடலாம். இதைச் செய்து பார்க்காமல் வண்டியை விற்றுவிடாதீர்கள்.

ரயில் பயணிகளுக்கு என் தேர்வு ப்ராம்ப்டன். மடக்கினால் சுமார் 58 செ.மீ. நீளம், 56 உயரம், 27 அகலம். பர்டி மடங்கியும் அதைவிட இடம் அடைக்கும்.

ப்ராம்ப்டனில் முன்பக்கப் பையை மாட்டுவது ஹேண்டிலில் அல்ல, வண்டியின் உடம்பிலேயே பொருத்திய கட்டையில். அதனால் பையில் எவ்வளவு கனம் இருந்தாலும் திருப்பும்போது கை இழுபடாது. வளைவில் ஹேண்டிலும் சக்கரமும் திரும்பும். பை மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்.